ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டமாகப் படிப்பிக்கலாமா?

தண்ணீரூற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முள்ளியவளைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் சொல் பாடமாக்கும் முறை உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லைப் பத்துத் தரம் எழுதுவது, பிறகு அடுத்த சொல். கொப்பி நிரம்பிவிடும். அடுத்த கிழமை கேட்டால் பாதி மறந்திருக்கும், மிச்சம் எழுத்துப் பிழையோடு வரும். ஓசை இல்லாத எழுத்து வரும் சொற்களில்தான் கனக்கச் சிக்கல். ‘நைஃப்’ எழுதச் சொன்னால் அநேகமானோர் ‘என்’ எழுத்தில் தொடங்குகிறார்கள். முன்னால் ஒரு ‘கே’ ஏன் நிற்கிறது என்று யாருமே சொல்லாதபோது அந்தப் பிள்ளைகள் வேறு என்ன செய்ய முடியும்?

அதனால் இப்போது வேறு மாதிரி முயல்கிறேன். கரும்பலகையில் ‘டூ’ என்ற சொல்லை எழுதி, நடுவில் வாய் மூடி நிற்கும் டபிள்யூவைச் சுற்றி வட்டம் போட்டேன். “இங்கே இது பேசாது, இதன் சொந்தக்காரரிடம் பேசும்” என்று சொல்லிக் கீழே ட்வின், ட்வைஸ், ட்வெல்வ், ட்வென்டி, பிட்வீன் என்று எழுதிக்கொண்டு போனேன். இரட்டைப் பிள்ளை, இரண்டு தரம், பன்னிரண்டு, இருபது, இரண்டுக்கு நடுவில். எல்லாவற்றிலும் ‘ரி’யும் ‘டபிள்யூ’வும் சேர்ந்து நிற்கின்றன, எல்லாவற்றிலும் இரண்டு இருக்கிறது. அதன் பிறகு ‘டூ’வில் டபிள்யூவை விட்டவர்கள் மிகக் குறைவு.

ஆனால் தரம் 7 பிள்ளை ஒருத்தி எழும்பி, “அப்ப ட்வீட் என்றால் என்ன ரீச்சர், அதிலும் இரண்டு இருக்கோ?” என்று கேட்டாள். அது குருவியின் சத்தத்தைப் போலச் செய்த சொல், இரண்டோடு தொடர்பில்லை என்று சொன்னேன். இப்போது எனக்கு வேண்டியது இதுதான். எந்த எழுத்துக் கூட்டத்தில் உண்மையான உறவு இருக்கிறது, எதில் வெறும் தற்செயல்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த தவணைக்கு முன் ஒரு ஒழுங்கு செய்ய வேண்டும்.

முறிகண்டி சேர் எழுதியது:

தங்கச்சி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘ரி-டபிள்யூ’ கூட்டம் உறுதியான கூட்டம். ட்வெல்வ் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘இரண்டு மிச்சம்’ என்ற பொருளில் உண்டானது. பத்தை எண்ணி முடித்த பிறகு இரண்டு மிச்சம். இலெவனும் அதே வழிதான், ஒன்று மிச்சம். ட்வென்டி என்பது இரண்டு பத்து. ட்வைன் என்றால் முறுக்கிய நூல். இரண்டு புரியைச் சேர்த்து முறுக்குவதால் அந்தப் பெயர். ட்விஸ்ட்டும் அதே வேரில் வந்தது. அந்திப்பொழுதைச் சொல்லும் ட்விலைட்டின் முன்பாதியும் இரண்டுதான். ‘டூ’வில் உள்ள டபிள்யூவை ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள். பிறகு ஓசை தேய்ந்துபோனது, எழுத்து நின்றுவிட்டது.

ட்விங்கிள், ட்விச், ட்வீட் எல்லாம் வெளியே. அதையும் பிள்ளைகளிடம் சொல்லியே ஆக வேண்டும். கூட்டத்தில் சேராத சொல்லை அதே பலகையில் வலப்பக்கம் தனியாக எழுதி வையுங்கள். சேராததைக் காட்டினால்தான் சேர்ந்ததைப் பிள்ளை நம்பும்.

அடுத்தது ‘டபிள்யூ-ஆர்’. இதில் டபிள்யூ எப்போதும் பேசாது. ஆனால் பொருளைப் பாருங்கள்: ரிங் (துணியைப் பிழிவது), ரிஸ்ட் (மணிக்கட்டு), ரிங்கிள் (சுருக்கம்), ரிகிள் (நெளிவது), ரெஸல் (மல்லுக்கட்டுவது), ரீத் (மலர்வளையம்). எல்லாம் முறுக்கும் திருகும். ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்துப் பிழிந்து காட்டுங்கள், மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். ‘ரோங்’ என்ற சொல்லும் இந்த வகைதான். அதன் முதற்பொருள் கோணலானது, வளைந்தது. பிறகுதான் பிழை என்று ஆனது. ரைட் (எழுதுவது) மட்டும் சற்று வேறு. கீறுவது என்ற பொருளிலிருந்து வந்தது. எங்கள் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறியதைச் சொன்னால் அதுவும் பிள்ளைகளுக்கு மறக்காது.

ஒட்டுசுட்டான் கராஜ் எழுதியது:

சேர், எங்கள் கராஜில் நாளாந்தம் கையில் பிடிக்கும் ‘பைப் ரென்ச்’சும் அந்தக் கூட்டமா? பெட்டியில் டபிள்யூ போட்டுத்தான் எழுதியிருக்கிறது. பெடியன்கள் பில்லில் ஆர் எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள்.

முறிகண்டி சேர் எழுதியது:

ஓம் தம்பி, அசல் உறவு. ரென்ச் என்றாலே திருகுவதுதான். “காலைத் திருகிக்கொண்டான்” என்பதற்கும் அதே சொல்லைப் போடலாம். உங்கள் பெடியன்களிடம் ‘திருகும் ரென்ச் டபிள்யூவில் தொடங்கும்’ என்று சொல்லிவிடுங்கள்.

மல்லாவி ஜேர்மனி எழுதியது:

மல்லாவியில் பிறந்து இப்போது ஜேர்மனியில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ஆங்கிலத்தில் வாய் மூடிய எழுத்துகள் இங்கே இன்னும் பேசுகின்றன.

தண்ணீரூற்று அக்கா கேட்ட ‘கே-என்’ கூட்டத்தை எடுங்கள். ஆங்கிலத்தில் முழங்கால் ‘நீ’. ஜேர்மன் மொழியில் ‘க்னீ’. கே நன்றாகக் கேட்கும். முடிச்சு ஆங்கிலத்தில் ‘நொட்’, இங்கே ‘க்னோட்டன்’. மா பிசைவது ஆங்கிலத்தில் ‘நீட்’, இங்கே ‘க்னேட்டன்’. இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. ஆங்கிலேயரும் முன்பு கே சொல்லித்தான் பேசினார்கள். 17ஆம் நூற்றாண்டு அளவில்தான் அந்த ஓசை விழுந்தது. அச்சுப் புத்தகங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டதால் எழுத்து மாறாமல் நின்றுவிட்டது.

ரி-டபிள்யூ கூட்டம் இங்கே இசட்-டபிள்யூ ஆகிவிட்டது. இரண்டு ‘ட்ஸ்வை’, பன்னிரண்டு ‘ட்ஸ்வொல்ஃப்’, இருபது ‘ட்ஸ்வான்சிக்’, இரட்டைப் பிள்ளை ‘ட்ஸ்விலிங்’, நடுவில் என்பது ‘ட்ஸ்விஷன்’. மரக்கிளைக்குக்கூட ‘ட்ஸ்வைக்’. ஆங்கிலத்தின் ‘ட்விக்’ அதன் உடன்பிறப்பு.

மகளுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மொழியாக வந்தது. ‘நீ’ என்ற சொல்லுக்குக் கே போட அவள் ஒருநாளும் மறந்ததில்லை, ‘க்னீ’ தெரிந்திருந்ததால். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ‘இது ஒரு காலத்தில் க்னீ’ என்று ஒரு தரம் சத்தமாகச் சொல்ல வைத்தால் போதும். எழுதும்போது மனதுக்குள் ‘க்னைஃப்’, ‘க்னொக்’ என்று சொல்லி எழுதட்டும், பேசும்போது கேயை விடட்டும்.

பரந்தன் அம்மா எழுதியது:

எல்லோரும் ஆர்வமாக எழுதுகிறீர்கள், வாசிக்கச் சந்தோசம். ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

மகள் தரம் 8. வீட்டில் ஆங்கிலம் கதைக்க ஆள் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. அவளுடைய ரியூசனில் இதே மாதிரி ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ‘ஜி-எல்’ என்று தொடங்கினால் ஒளி சம்பந்தப்பட்டது என்று தலைப்பு. க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிம்மர், க்ளிஸன், க்ளெயர். எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஒளிர்தல், மின்னுதல்’. ஆறு சொல், ஒரே பொருள். எது எங்கே வரும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பிறகு ‘க்ளவ்’ என்ற சொல் வந்தபோது ‘ஒளிரும் ஏதோ ஒன்று’ என்று எழுதி வைத்திருந்தாள். அது கையுறை.

வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்குக் கூட்டம் கூட்டமாகக் காட்டினால் தெரிந்ததை அடுக்கி வைப்பது மாதிரி ஆகும். எங்கள் பிள்ளைக்கு அடுக்க எதுவும் இல்லாத நேரத்தில் அடுக்குவதைப் படிப்பிக்கிறோம். சோதனையில் வசனத்துக்குள் இடைவெளி நிரப்பத்தானே கேட்கிறார்கள்? முதலில் ஒரு சொல்லை ஒரு வசனத்தில் வாழ விடுங்கள். எழுத்து உறவு எல்லாம் பிறகு வரட்டும்.

தண்ணீரூற்று எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆறு சொல்லுக்கு ஒரே பொருள் எழுதிக் கொடுத்தால் அந்தப் பட்டியல் பிள்ளைக்குப் பாரம்தான். ஆனால் குறை கூட்டத்தில் இல்லை, ஆறையும் ஒன்றாக விட்டதில்தான் இருக்கிறது. நான் ஜி-எல் சொற்களை இப்படிப் பிரித்துக் காட்டினேன், பாருங்கள்.

க்ளோ: அடுப்பில் சோறு இறக்கிய பிறகு சாம்பலுக்குள் சிவந்து கிடக்கும் தணல். சுவாலை இல்லை, சத்தம் இல்லை, தானாக ஒளிர்கிறது. மின்மினியும் அப்படித்தான்.

க்ளிட்டர்: இரணைமடுக் குளம் நிரம்பி நிற்கும்போது காலை வெயிலில் அலை நுனி எல்லாம் பொட்டுப் பொட்டாக மின்னுமே, அது. கூறைச் சேலையின் சரிகையும் இதில் சேரும்.

க்ளிஸன்: ஈரம் இருக்க வேண்டும். வட்டுவாகல் பாலத்தடியில் வலையிலிருந்து எடுத்த மீனின் முதுகு. மழை விட்ட பிறகு வாழையிலை.

க்ளிம்மர்: இரவில் வயலுக்கு அப்பால் காவல் கொட்டிலில் தெரியும் விளக்கு. இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

க்ளெயர்: ஏ9 வீதியில் நடுப்பகல் வெயில் தாரில் பட்டுக் கண்ணைக் குத்துவது. கண்ணுக்கு வருத்தம் தரும் ஒளி.

க்ளின்ட்: அரிவாளைத் திருப்பும்போது ஒரு கணம் பளிச்சென்று அடிப்பது.

பிள்ளைகளை ஆளுக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, வீட்டுக்குப் போய் அந்த ஒளியைத் தேடிப் பார்த்து ஒரு வசனம் எழுதிவரச் சொன்னேன். ஒரு பெடியன், தகப்பன் உழவு இயந்திரத்தின் கலப்பையைத் தீட்டும்போது பார்த்துக்கொண்டிருந்து க்ளின்ட் போட்டு எழுதிக்கொண்டு வந்தான். இலக்கணத்தில் இரண்டு பிழை இருந்தது, சொல் சரியான இடத்தில் இருந்தது.

வசனத்தில் வாழ வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் இதைத்தானே? கூட்டமாக வைத்ததால்தான் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தெரிந்தது. க்ளோவை இந்த மாதமும் க்ளிஸனை அடுத்த வருடமும் தனித்தனியாகப் படித்திருந்தால் இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் நினைத்திருப்பார்கள்.

க்ளவ், க்ளூ (பசை), க்ளோப் எல்லாம் வலப்பக்கப் பட்டியலுக்குப் போய்விட்டன.

முறிகண்டி சேர் எழுதியது:

அருமை. ‘க்ளாட்’ (மகிழ்ச்சி) என்ற சொல்லை எந்தப் பக்கம் போட்டீர்கள்? வலப்பக்கம் போட்டிருந்தால் இடப்பக்கம் கொண்டுவாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஒளிர்வது, பளபளப்பது என்றுதான் முதற்பொருள். முகம் மலர்வது அதிலிருந்து வந்தது. க்ளாஸும் அந்த ஒளிக் கூட்டத்து ஆள்தான்.

ஒரு விசயம் பிரித்துச் சொல்ல வேண்டும். ரி-டபிள்யூ என்பது வேர் உறவு. ஒரே மூலச் சொல்லிலிருந்து கிளைத்தவை. ஜி-எல் அவ்வளவு நேரானது அல்ல. அதில் சில ஒரே வேர், சில அந்த ஓசைக்கு ஒளி என்ற உணர்வு பழகிப்போனதால் பின்னால் வந்து சேர்ந்தவை. இப்படிப் பொருள் ஒட்டிய ஓசைக்கு ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த் 1930இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் வைத்தார். இதற்கு இன்னும் நல்ல உதாரணம் ‘எஸ்-என்’. ஸ்னீஸ் (தும்மல்), ஸ்னோர் (குறட்டை), ஸ்னிஃப் (மோப்பம்), ஸ்னோர்ட் (மூக்கால் சீறுவது), ஸ்னவுட் (பன்றியின் நீண்ட மூக்கு), ஸ்னஃப் (மூக்குப்பொடி). எல்லாம் மூக்கு. இதில் ஸ்னீஸ் முதலில் எஃப்-என் போட்டு எழுதப்பட்ட சொல். அந்த எழுத்துச் சேர்க்கை ஆங்கிலத்தில் மறைந்தபோது மற்ற மூக்குச் சொற்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

ஸ்னேக், ஸ்னோ, ஸ்னெயில் மூன்றுக்கும் மூக்கோடு வேலையில்லை. பாம்பும் பனியும் நத்தையும் வலப்பக்கம்.

கண்டாவளை ஓ.எல் எழுதியது:

சேர், நான் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறேன். எனக்கு ஒரு கேள்வி. நீ, நைஃப் எல்லாம் முன்பு பேசிய எழுத்து என்றீர்கள், விளங்குகிறது. ‘டெட்’ (கடன்), ‘டவுட்’ (சந்தேகம்) இரண்டிலும் ரிக்கு முன்னால் ஒரு பி நிற்கிறது. ‘ஐலண்ட்’டில் ஒரு எஸ் நிற்கிறது. அவையும் முன்பு பேசியவையா?

விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஒன்றையும் சொல்கிறேன். ‘பிளம்பர்’ என்ற சொல்லில் பி பேசாது, ‘பிளமர்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் மிஸ் சொன்னார். ஈயத்தின் குறியீடு பிபி. அதன் லத்தீன் பெயர் பிளம்பம். ஈயக் குழாயில் வேலை செய்தவர்தான் பிளம்பர். குறியீடு நினைவிருந்தால் அந்த இரண்டாவது பி தவறாது.

முறிகண்டி சேர் எழுதியது:

பிள்ளை, நல்ல கேள்வி. பதில் ‘இல்லை’ என்பதுதான். அவை மூன்றும் ஆங்கிலத்தில் ஒருநாளும் பேசியதில்லை.

கடனும் சந்தேகமும் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமலேயே வந்தவை. பிறகு லத்தீன் படித்த அறிஞர்கள், ‘இதன் மூலம் டெபிட்டம் அல்லவா, அதில் பி இருக்கிறதே’ என்று எழுத்தில் மட்டும் திரும்பச் செருகினார்கள். டவுட்டுக்கு மூலம் டுபிடாரே. வாய் மாறவில்லை, எழுத்து மாறியது. அதனால் கடனை எழுதும்போது வங்கியின் டெபிட் அட்டையை நினையுங்கள். அதில் பி நன்றாகக் கேட்கும். பற்றுச்சீட்டைக் குறிக்கும் ‘ரிசீட்’டில் பேனாவுக்குப் போடும் பி வந்ததும் இதே கதைதான். ‘ரிசெப்ஷன்’ என்று சொன்னால் அது கேட்கும்.

ஐலண்ட் கொஞ்சம் மோசம். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற சொல்லில் ஒரு எஸ் இருந்தது. ஐலண்ட்டும் அதன் உறவு என்று நினைத்து அதற்கும் எஸ் போட்டுவிட்டார்கள். உண்மையில் அது தூய ஆங்கிலச் சொல். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்த எஸ்ஸைப் பாடமாக்குகிறார்கள்.

பூநகரி எழுதியது:

ஐலண்ட் என்றதும் எங்கள் இரணைதீவு நினைவுக்கு வந்தது. இரணை என்றால் இரட்டை. இரண்டு தீவு சேர்ந்துதான் இரணைதீவு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘ட்வின் ஐலண்ட்ஸ்’ என்று அதையே எழுதிக் காட்டலாம். பேசும் டபிள்யூவும் பேசாத எஸ்ஸும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

மல்லாவி ஜேர்மனி எழுதியது:

சேர் டவுட் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த லத்தீன் சொல்லே இரண்டு என்ற ‘டுவோ’வின் உறவு. டபுள், டூயெட், டூயல் எல்லாம் அங்கிருந்துதான். இங்கே ஜேர்மனில் சந்தேகத்துக்கு ‘ட்ஸ்வைஃபல்’. அதுவும் ட்ஸ்வை, இரண்டு. நாங்களும் முடிவெடுக்க முடியாத நேரம் ‘இரண்டு மனமாக இருக்கு’ என்றுதானே சொல்கிறோம். தண்ணீரூற்று அக்கா, உங்கள் இரண்டின் பலகையில் டவுட்டுக்கும் ஒரு மூலை கொடுக்கலாம். எழுத்து ரி-டபிள்யூ இல்லை, பொருள் அங்கேயே இருக்கிறது.

முகமாலை எழுதியது:

இங்கே எழுதும் எல்லோரும் படிப்பித்தவர்கள், படிப்பவர்கள். நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன். நான் ஆங்கிலம் கற்றது வகுப்பில் இல்லை, வேலை அறிக்கையில்.

எங்களுக்கு முதலில் வந்த சொற்கள் ‘எம்-பி’யில் முடிபவைதான். பொம் (குண்டு), லிம் (கை கால்), நம் (விறைப்பு), தம் (பெருவிரல்). எதிலும் பி பேசாது. முதலுதவிப் பயிற்சியில் விரல் நுனி ‘நம்’ ஆகிவிட்டதா என்று காயப்பட்டவரைக் கேட்க வேண்டும், அதை எழுதவும் வேண்டும். அறிக்கையில் ஒரு எழுத்தை விட்டாலும் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். பொம்முக்கு நான் வைத்திருந்த வழி ‘பொம்பார்ட்’. குண்டு வீசுவது. அதில் இரண்டு பியும் கேட்கும். அந்தச் சொல் வன்னியில் யாருக்கும் புதிது இல்லை.

இன்னொன்று ‘சைன்’. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. ஜி பேசாது. ஆனால் ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ இரண்டிலும் ஜி கேட்கும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முன்னும் முடிந்த பின்னும் சிக்னேச்சர் வைப்போம், அதனால் சைனில் ஜி எனக்குத் தவறியதே இல்லை.

பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைப் படிப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வளவு துப்புரவாக்கும்போதும் பழைய இரும்பு பொறுக்கும்போதும் பலகையில் உள்ளதை மூன்று மொழியிலும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு அடி முன்னரே நின்றுவிடும்.

தண்ணீரூற்று எழுதியது:

அண்ணா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. எம்-பி கூட்டத்தை நான் லாம், கோம், க்ளைம் என்று ஆட்டுக்குட்டி, சீப்பு, ஏறுவது மட்டும் வைத்துத் தொடங்கியிருந்தேன். சைனும் பொம்மும் முதல் வரியில் வரும்.

முறிகண்டி சேர் எழுதியது:

தம்பி சொன்ன வழிதான் இந்த முழு இழையிலும் மிகப் பயனுள்ளது என்பேன். வாய் மூடிய எழுத்தைப் பேச வைக்கும் உறவுச் சொல் ஒன்றைத் தேடுவது. சைன், சிக்னல். பொம், பொம்பார்ட். ‘கிரம்’ (பாணின் துணிக்கை), ‘கிரம்பிள்’. தம், ‘திம்பிள்’ (தையல்காரர் விரலில் போடும் கவசம்). ‘ஓட்டம்’ (இலையுதிர் காலம்), ‘ஓட்டம்னல்’. ‘மஸல்’ (தசை), ‘மஸ்கியுலர்’. ‘சொஃபன்’னில் ரி பேசாது, ‘சொஃப்ட்’டில் பேசும். ‘நோ’ (அறிவது) என்பதன் கேகூட ‘அக்னொலெஜ்’ என்ற சொல்லுக்குள் போனால் கேட்கும். ‘ஆன்ஸர்’ என்பதில் டபிள்யூ ஏன் என்றால், அதன் பின்பாதி ‘ஸ்வெயர்’, சத்தியம் பண்ணுவது. ஒருவர் சொன்னதற்கு எதிராகச் சத்தியம் பண்ணிச் சொல்வதுதான் முதலில் பதில்.

இதில் ஒரு நுணுக்கம். லாம், கோம், க்ளைம் மூன்றிலும் பி பழைய ஆங்கிலத்தில் பேசிய எழுத்து. தம், லிம், கிரம் மூன்றிலும் தொடக்கத்தில் பியே இல்லை, மற்றவற்றைப் பார்த்துப் பின்னால் சேர்த்தது. பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பரந்தன் அம்மா எழுதியது:

தணல், மீன் முதுகு, அரிவாள் என்று நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். க்ளிஸனுக்கு அவள் சொன்னது, எங்கள் கிணற்றடியில் தண்ணீர் பட்ட கல். அதை வசனமாக எழுதியும் வைத்திருக்கிறாள்.

என் கருத்தை முழுக்க மாற்றவில்லை. ஒரு கூட்டத்தில் நான்கு, ஐந்து சொல்லுக்கு மேல் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் சொந்த வசனம் இல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள். பட்டியலை அச்சடித்துக் கொடுப்பதை நிறுத்துங்கள், பிள்ளை தானே எழுதிச் சேர்க்கட்டும். இவ்வளவும் செய்தால் எழுத்துக் கூட்டத்துக்கு நான் எதிரி இல்லை.

ஒட்டுசுட்டான் கராஜ் எழுதியது:

பெடியன்கள் ரென்ச்சை இப்போது டபிள்யூ போட்டு எழுதுகிறார்கள். ‘ரெக்’ (சேதமான வாகனம்) என்ற சொல்லும் அதே மாதிரி டபிள்யூ-ஆர்தான், அதையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

முறிகண்டி சேர் எழுதியது:

நல்லது தம்பி. ரெக் திருகுவது இல்லை, உடைந்து அழிவது. எழுத்து ஒன்று, வேர் வேறு. சுவரில் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள்.

தண்ணீரூற்று எழுதியது:

பரந்தன் அக்கா, மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். அச்சுப் பட்டியல் இல்லை, ஒரு நாளைக்கு நான்கு சொல், நாலு கோட்டுக் கொப்பியில் இடப்பக்கம் உறவு, வலப்பக்கம் உறவில்லாதவை, கீழே சொந்த வசனம்.

வரிசை இப்படி வைக்கிறேன். முதலில் ரி-டபிள்யூ, ஏனென்றால் இரண்டு எல்லோருக்கும் தெரியும். பிறகு எம்-பியும் சைனும். அதன் பின் டபிள்யூ-ஆர், ஈரத் துணியோடு. கே-என்னை சத்தமாகச் சொல்ல வைத்துச் செய்வேன். ஜி-எல்லும் எஸ்-என்னும் கடைசி. டெட், டவுட், ஐலண்ட் தரம் 9 பிள்ளைகளுக்கு மட்டும்.

சேரிடம் கடைசியாக ஒன்று. ‘ஓ-யூ-ஜி-எச்’ வரும் சொற்களை என்ன செய்வது? அதிலும் ஏதாவது உறவு இருக்கிறதா?

முறிகண்டி சேர் எழுதியது:

பொருள் உறவு இல்லை, அதைத் தேடிப் பிள்ளைகளைக் களைக்க வைக்காதீர்கள். அந்த ‘ஜி-எச்’ முன்பு தொண்டையிலிருந்து வந்த ஒரு ஓசை. ஜேர்மனியில் இருக்கும் தம்பிக்கு அது பழகியிருக்கும். ஆங்கிலத்தில் அந்த ஓசை அழிந்தபோது ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வழியில் போய்விட்டது. ‘த்ரூ’, ‘தோ’, ‘தோட்’, ‘பௌ’ நான்கிலும் ஜி-எச் பேசாது, ஆனால் முன்னால் வரும் உயிர் நான்கிலும் வேறு. ‘கோஃப்’, ‘ரஃப்’ இரண்டிலும் எஃப் ஆகிவிட்டது.

இதற்கு மட்டும் பரந்தன் அம்மா சொன்ன வழிதான். கூட்டமாக வைக்காமல் ஒவ்வொன்றாக, வசனத்தோடு. இருமலுக்கு ஒரு வசனம், கரடுமுரடான கிரவல் ரோட்டுக்கு ஒரு வசனம். எழுத்தை வாயால் சொல்லிப் பாடமாக்கட்டும். ஆறு சொல்தான், ஒரு தவணைக்குப் போதும்.